மாமாவின் கண்ணுக்கு ஒரு பதில்

சியாட்டில்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே சுகம். தங்கச்சி இதை வாசித்துக் காட்டும்போது அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும், நகை விஷயம் இதில் இருக்கிறது.

முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். அத்தையின் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாம். ஹட்டன் டவுனில் "கண்ணுக்குள் சிப் வைத்தால் பழையபடி பார்க்கலாம், முற்பணம் கட்டுங்கள்" என்று கதைக்கிற ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சிப் இருப்பது உண்மை. பழையபடி பார்க்கலாம் என்பதுதான் பொய்.

இறந்தவர் கண்ணை எடுத்து வைக்க ஏலாதா என்று கேட்டிருந்தீர்கள். 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் உலகத்துக்கே கண் அனுப்புகிறது, அதனால் நம்ம நாட்டில் யாருக்கும் அந்த எண்ணம் வரும். ஆனால் அப்படி மாற்றுவது கண்ணின் முன்பக்கம் இருக்கிற கோர்னியா என்ற தெளிவான படலத்தை மட்டும். உங்களுக்குக் கெட்டிருப்பது பின்பக்கத்து விழித்திரை. உங்களுக்கு வந்திருக்கிற ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற வியாதியில், விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டுப் பார்வை போகும், நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அந்தச் செல்கள் போன பிறகும் மூளைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புச் செல்கள் பல காலம் உயிரோடு இருக்கும். அவற்றை மின்சாரத்தால் தட்டி எழுப்புவதுதான் பயோனிக் கண்.

கலிபோர்னியாவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி ஆர்கஸ் 2 என்று ஒன்றைச் செய்தது. மூக்குக் கண்ணாடியில் கேமரா, உடம்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கணினி, விழித்திரைமேல் மின்சாரம் கொடுக்கிற 60 சின்ன முனைகள், அதாவது மின்வாய்கள். 2013இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. விலை ஏறக்குறைய 1,50,000 டாலர். வெறும் வெளிச்சம் மட்டும் தெரிகிறவர்கள், அதுவும் தெரியாதவர்கள், இவர்களுக்குத்தான் வைத்தார்கள். சிலருக்கு வாசல் இருக்கிற இடம் தெரிந்தது, பெரிய எழுத்து தெரிந்தது. 2019இல் கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்தியது. உலகம் முழுக்க ஏறத்தாழ 350 பேர் அதை வைத்திருந்தார்கள். பழுதானால் திருத்த ஆள் இல்லாமல் அவர்கள் நின்றதை வாசித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆர்கஸ் மாதிரிக் கருவி வைத்தவருக்கு உலகம் எப்படித் தெரியும் என்று காட்டுகிற பல்ஸ்டுபெர்செப்ட் என்ற மென்பொருளை, இங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மைக்கேல் பேயலர் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2017இல் வெளியிட்டார்கள். காசு இல்லாமலே எவரும் எடுத்துக்கொள்ளலாம். தங்கச்சி அனுப்பிய பொங்கல் படத்தை, நீங்களும் அத்தையும் வீட்டு முன் இஸ்தோப்பில் நிற்கிற படத்தை, அதற்குள் போட்டேன். அதில் நீங்களும் இல்லை, அத்தையும் இல்லை. கறுப்புக்குள் மங்கலான சில வெளிச்சக் கீற்றுகள், அவ்வளவுதான். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாமா. இன்றைக்கு உங்களுக்கு நடுவில் தெரிகிற சின்ன வட்டம் அதைவிட எவ்வளவோ மேல். அதை வைத்துக்கொண்டு இதற்காக எவரிடமும் கண்ணைக் கொடுக்கக் கூடாது.

புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டியது ஏன் கீற்றாகத் தெரிகிறது என்றும் தேடிப் படித்தேன். விழித்திரையில் ஒவ்வொரு நரம்புச் செல்லின் நாரும் மற்றச் செல்களுக்கு மேலாக ஊர்ந்துதான் பார்வை நரம்புக்குப் போகிறது. மின்வாய் தனக்குக் கீழே இருக்கிற செல்லை மட்டும் எழுப்பாமல், அந்த வழியாகப் போகிற நார்களையும் எழுப்பிவிடுகிறது. கீழ் லயத்து வீடுகளுக்கென்று கொடுத்த கரண்ட் மேல் லயத்திலும் பல்பை எரியவைப்பது போல. நாருக்குச் சொந்தமான செல் தூரத்தில் இருந்தாலும் மூளை அங்கேயும் வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆர்கஸ் வைத்தவர்கள் தாங்கள் கண்டதைத் தொடுதிரையில் வரைந்து காட்டினார்கள். அந்த வடிவங்கள் நார்கள் போகும் பாதையோடு பொருந்துகின்றன என்று பேயலர் குழு 2019இல் காட்டியது.

இது தெரிந்தால்தான் மின்வாயை எங்கே வைப்பது, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் என்று மாற்றிப் பார்க்க முடியும். கணினிக்குள் இருக்கிற கண்ணை எத்தனை தடவை குத்தினாலும் யாருக்கும் வலிக்காது. இந்த வேலையில் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. மனிதரை வெட்டுவதற்கு முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. மூளையிலேயே ஆயிரக்கணக்கில் மின்வாய் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அயோன் ஃபைன், ஜெஃப்ரி பாய்ன்டன் இருவரும் 2024இல் அதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். 45,000 புள்ளிகளில் ஒரு பூனை படம் தெளிவாகத் தெரிகிறது. மூளையில் 45,000 மின்வாய் வைத்தவருக்கு அதே பூனை கலங்கி, பூனை என்றே சொல்ல ஏலாதபடி தெரியுமாம். ஒரு மின்வாய் ஒரு புள்ளியாகாது, பல செல்களைச் சேர்த்து உசுப்பும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பிரிமா என்ற 2 மில்லிமீட்டர் சிப்பை ஐரோப்பாவில் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துச் சோதித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை கணிசமாகத் தேறியது என்று 2025 அக்டோபரில் எழுதினார்கள். ஆனால் அது வயதானவர்களுக்கு நடுப்பார்வை போகிற வேறு வியாதிக்கு.

இங்கே மார்கழி மாதம் நாலரைக்கே இருட்டிவிடும், மழையும் விடாது. நான் போகிற பஸ்ஸில் கண் தெரியாத ஒரு அக்கா வெள்ளைப் பிரம்போடு தனியாக வேலைக்குப் போய் வருகிறார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்தையும் சத்தமாகச் சொல்கிறது. ரோட்டைக் கடக்கிற இடத்தில் பொத்தான் சத்தம் போட்டு அதிர்கிறது. சிப் வரும் என்று அவர் வீட்டில் காத்திருக்கவில்லை. நம்ம லயத்துப் படிக்கட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்கு வருத்தம். தம்பியிடம் சொல்லி, படி விளிம்புகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பாதை ஓரம் ஒரு கயிறு கட்டச் சொல்லுங்கள். பகலில் நீங்களே போய் வரலாம்.

கண்டி ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். அப்புறம் ஒன்று, மாமா: இது பரம்பரையாக வருகிற வியாதி. நம்ம வீட்டில் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்திருக்கிறது, அதனால் வாய்ப்பு இன்னும் கூடும். தம்பியின் பெரிய மகன் பொழுது சாய்ந்தால் தட்டித் தடுமாறி நடக்கிறான் என்று தங்கச்சி சொன்னாள். அடுத்த தடவை அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் செலவுக்கு நான் அனுப்புகிறேன். உங்கள் கிளினிக் கொப்பியைப் படம் பிடித்துத் தங்கச்சி அனுப்பட்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்