கடைமடையிலிருந்து ஒரு பதில்

தலைஞாயிறு
வைகாசி

அன்புள்ள நண்பா,

ஒடிசாவில் மகாநதியின் குறுக்கே நிற்கும் ஹிராகுட் அணையை நீ எடுத்து அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. அங்கே ஒருவர் அம்பேத்கர் பெயரைச் சொன்னதும் உனக்கு வியப்பாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். நமக்கு அவரைச் சட்டமேதை என்று மட்டும்தானே சொல்லிக்கொடுத்தார்கள்! 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. பாசனமும் மின்சாரமும் அந்தத் துறைக்குள்தான் வந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் வேர் 1945-ல் அவர் காலத்தில் ஊன்றியது.

அந்த ஆண்டு நவம்பரில் கட்டாக்கில் அவர் பேசியதுதான் என் மனதில் நிற்கிறது. மகாநதி வெள்ளத்துக்கு வெறும் கரை போட்டுப் பயனில்லை, தேக்கி வைத்துப் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் படகு விடவும் பயன்படுத்த வேண்டும் என்றார். தண்ணீர் மிகுதியாக வருவது கெடுதலே கிடையாது, மனிதன் அதிகம் கஷ்டப்படுவது தண்ணீர் இல்லாமல்தான் என்பது அவர் வாதம்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்வாங்காமல், அரிச்சந்திரா நதி எதிர்த்து ஏறி, அழுகிய சம்பாவைக் கையால் அள்ளிப் பார்த்தவன் நான். ஆனால் தை பிறந்ததும், பால் பிடிக்கிற கதிருக்கு இன்னும் ஒரு தண்ணீர் கிடைக்காதா என்று ராத்திரி முழுக்க டார்ச் லைட்டோடு மதகடியில் காத்துக் கிடப்பவனும் நான்தான். ஜனவரி 28 வந்தால் மேட்டூரை மூடிவிடுவார்கள். கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். அவர் சொன்னது சரிதான் என்று மதகடியில் வைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

தீண்டாமையை எதிர்த்து 1927-ல் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் சவுதார் பொதுக் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க ஆயிரக்கணக்கானோரோடு போக வேண்டியிருந்தவர் அவர். நம்ம ஊரிலும் படித்துறை தனித்தனிதானே. உன்னோடு குளித்ததற்கு அப்பா என்னை அடித்தது உனக்கு மறந்திருக்காது. தண்ணீரின் அருமை அவருக்கு ஏட்டில் படித்துத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் நம் காவிரி. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுத் தகராறைத் தீர்க்க நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்பது அரசியல் சட்டத்தின் 262-வது பிரிவு. அதன்படி 1956-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில்தான் 1990-ல் நமக்கு நடுவர் மன்றம் கிடைத்தது. இறுதித் தீர்ப்பு 2007-ல். மேலாண்மை ஆணையம் அமைய 2018 ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நம் தெருவில் எத்தனை பேர் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போனார்கள், எண்ணிப் பார்.

ஹிராகுட்டில் ஊர் மூழ்கியவர்களைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். அணையைப் புகழும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது. இன்னும் விரிவாக எழுது.

இங்கே வாய்க்கால் தூர் வாருகிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் நம் மடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அதற்குள் வந்துவிடு, சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

உன் பழைய பள்ளித் தோழன்