மண்ணுக்குள் வாழும் மஞ்சள் எறும்புகள் எல்லாம் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலைநாட்டின் வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறும்போது மஞ்சள் எறும்பு தென்பட்டால், அது வேரில் அழுக்கணவனை (சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை) வளர்க்கும் எறும்பு என்று முடிவுகட்டி மருந்து ஊற்றிவிடுகிறோம். சென்ற போகத்தில் நானும் அவ்வாறே செய்தேன். பின்னர் கைவில்லையால் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது.

கிழங்கைத் துளைத்திருந்தது டொரிலஸ் ஓரியன்டாலிஸ் என்னும் செம்மஞ்சள் எறும்பு. அதன் வேலைக்கார எறும்புகளுக்குக் கண்களே இல்லை. ஒரே கூட்டத்தில் சிறியவையும் பெரியவையும் கலந்திருக்கும். அது கிழங்கையே தின்பது, பூச்சி வளர்ப்பதன்று.

பூச்சி பேணும் எறும்புகளில் நம் நாட்டிலும் உள்ளது அக்ரோபைகா பேரினம். சில மில்லிமீற்றர் நீளமும் தேன்மஞ்சள் நிறமும் கொண்ட இவ்வெறும்புக்குப் புள்ளிபோன்ற கண்கள் உண்டு. மண்ணுக்கு மேலே வருவது அரிது. வேரில் ஒட்டிய வெண்மூட்டுப் பூச்சிகள் (மாவுப்பூச்சிகள்) சுரக்கும் இனிப்பு நீரே அதன் உணவு. மண்ணைப் பிளந்ததும் தன் குடம்பிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோலவே அப்பூச்சிகளையும் கவ்விக்கொண்டு ஓடும். புதுக் கூடு அமைக்கப் பறந்து செல்லும் இளம் ராணிகூட ஒரு பூச்சியை வாயில் ஏந்தியே செல்கிறது என்பது என்னை வியக்கவைத்த செய்தி.

ஆங்கில நூல்களில் காணப்படும் மஞ்சள் எறும்பின் படம் பெரும்பாலும் லேசியஸ் ஃபிளேவஸ் என்னும் ஐரோப்பியப் புல்வெளி எறும்பினுடையது. புல்வேர்களில் அழுக்கணவனைப் பேணுவதில் பேர்பெற்றதாயினும் அது நம் மலைநாட்டு எறும்பன்று. அப்படத்தை வைத்து இங்குள்ளதை அடையாளம் காண முயல்வது வீண்.

எறும்பை மட்டும் பார்ப்பதும் போதாது. வேரில் இருப்பது அழுக்கணவனா, வெண்மூட்டுப் பூச்சியா என்பதையும் பார்க்க வேண்டும். வெண்பொடி இரண்டிலும் இருக்கலாம் என்பதால் நிறம் உதவாது. வெண்மூட்டுப் பூச்சியின் பொதுவாக நீள்வட்டமான உடலில் குறுக்கு வளையங்கள் தெளிவாகத் தெரியும், அழுக்கணவனோ பேரிக்காய் போல் உருண்டு மென்மையாக இருக்கும்.

ஆகவே சில எறும்புகளையும் வேரிலிருந்த பூச்சிகளையும் 70 சதவீத அற்ககோலில் ஒரே குப்பியில் இட்டு, பயிரின் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதிய தாளை உள்ளே வைத்து, மருந்து வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுமாறு விவசாயிகளை வேண்டுகிறேன். விவசாயத் திணைக்களம் இவ்வெறும்புகளின் படங்களைத் தமிழில் வெளியிடவும், தாங்கள் அவற்றை விவசாயப் பக்கத்தில் பிரசுரிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
வெலிமடை.