கூடுதல் நேரம் கிடைத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் படிவம் 3-க்கான பிடி3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டபின், நம் பிள்ளைகளுக்கு முக்கியமான தேசியத் தேர்வு படிவம் 5-இன் முடிவில் எழுதும் எஸ்.பி.எம்.தான். பார்வைக் குறைபாடோ டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமமோ உள்ளவர்கள், கையால் எழுதச் சிரமப்படுபவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் நேரம், தனி அறை, பெரிய எழுத்து வினாத்தாள், வினாவை வாசித்துக் காட்டுபவர், மாணவர் சொல்லும் விடையை எழுதுபவர் போன்ற ஏற்பாடுகள் உண்டு. பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ அறிக்கைக்கு நாளாகும் என்பதால் பெற்றோர் படிவம் 4-இலேயே பள்ளியில் பேசிவிடுவது நல்லது.

அனுமதி கிடைத்ததோடு வேலை முடிந்ததென்று பலர் விட்டுவிடுவதுதான் எங்கள் கவலை. எழுதுபவரைத் தேர்வன்றுதான் முதலில் சந்திக்கும் பிள்ளை திணறிப்போகும். சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. வாக்கியத்தை முழுதாக மனத்தில் அமைத்த பிறகே சொல்ல வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதிய பத்தி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்த வேண்டும். கணிதத்தில் இன்னும் கவனம் தேவை. "எக்ஸ் கூட்டல் மூன்று வர்க்கம்" என்றால் வர்க்கம் மூன்றுக்கு மட்டுமா, முழுமைக்குமா? எழுதுபவர் ஊகித்து எழுதக் கூடாது. "அடைப்புக்குறி திற, எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி மூடு, வர்க்கம்" என்று சொல்லப் பழக்குங்கள்.

பெரிய எழுத்துக்குப் பழக, ஏ4 தாளை ஏ3-ஆக நகலெடுப்பது வழக்கம். அப்போது எல்லாம் ஏறக்குறைய 1.4 மடங்காகும், 1 செ.மீ. கட்டம் 1.4 செ.மீ. ஆகிவிடும். வரைபடத்தை அளவுகோலால் அளக்கும் பிள்ளைக்கு விடை தவறும். அச்சில் குறித்த எண்களைக் கொண்டே கணக்கிடச் சொல்லுங்கள். ஏ3 தாளை விரித்தால் பள்ளி மேசையில் விடைத்தாளுக்கு இடமிருக்காது. பயிற்சியின்போதே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடலாம்.

கணிதம் தாள் 1-இல் 40 பல்தேர்வுக் கேள்விகள். ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை விடைத்தாளில் விட்டதன் வரிசையில் கருமையாக்கினால், பின்வருபவை அத்தனையும் இடம் மாறும். ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணை ஒப்பிடும் பழக்கம் எல்லா மாணவருக்கும் உதவும்.

கூடுதல் நேரத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதும் தவறு. வரலாறு தாள் 2 ஏற்கெனவே இரண்டரை மணி நேரம். அதற்கும் மேல் உட்காரும்போது கடைசிப் பகுதியில் கையும் கவனமும் தளர்ந்திருக்கும். ஆகவே மொத்த நேரத்தையும் தொடக்கத்திலேயே கேள்விகளுக்குப் பங்கிட்டு, நடுவே சில நிமிடம் பேனாவைக் கீழே வைக்கவும் பழக்க வேண்டும். வீட்டில் அரைமணி நேரப் பயிற்சி மட்டும் செய்தால் இந்தச் சோர்வு வெளியே தெரியாது.

பள்ளிகளிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. எஸ்.பி.எம்.மில் கிடைக்கும் அதே உதவிகளைப் பள்ளிச் சோதனைகளிலும் எஸ்.பி.எம்.முக்கு முன் நடக்கும் டிரையல் (முன்னோட்ட) தேர்விலும் கொடுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு ஒரு பக்கக் குறிப்பும் போகட்டும்: எந்த எழுத்தளவில் படிக்கிறது, எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுதும், யாராவது வாசித்துக் காட்டினால் விடை மேம்படுகிறதா.

சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
பினாங்கு