ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்த ஊர்

சூர், ஓமான்

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலே தெருமுனைக் கடை வரை போய்வருகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. மதினியிடம் சொல், உன்னை அதட்டி நடக்கவைத்த பெருமை முழுக்க அவர்களுக்குத்தான். பேத்தி பிளஸ் டூவில் வரலாறு எடுத்திருக்கிறாள் என்பது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. எல்லாரும் உயிரியல், கணிப்பொறி என்று ஓடுகிற காலத்தில் அவளைத் தடுக்காமல் விட்டாயே, அதுவே பெரிது.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. மாலையில் கடற்கரையில் உட்கார முடிகிறது. என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பதா, ஊருக்கே வந்துவிடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

இத்தனை காலம் அந்த மண்ணில் இருக்கிறாயே, சம்பளம் தவிர வேறு என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதிலாக ஒரு பேச்சுவார்த்தையின் கதையைச் சொல்கிறேன். நீ காலமெல்லாம் தொழிற்சங்கத்தின் சார்பில் நிர்வாகத்தோடு மேசையில் உட்கார்ந்தவன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

இங்கிருந்து தெற்கே போனால், பாலைவன மணல்மேடுகளின் ஓரத்தில், ஜாலான் பனீ பூ அலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வாழும் குலத்தின் பெயரே ஊரின் பெயர். பக்கத்திலேயே ஜாலான் பனீ பூ ஹசன் என்று இன்னொரு குலத்தின் ஊர். என்னோடு வேலை செய்கிறவரின் தம்பிக்குக் கல்யாணம் என்று பனீ பூ அலிக்குப் போயிருந்தேன். வெள்ளை அங்கி அணிந்த ஆண்கள் அத்தனை பேரின் இடுப்பிலும் கஞ்சர் என்னும் வளைந்த குத்துவாள். பத்து வயதுப் பையன்களுக்குக்கூட அவரவர் அளவில் ஒன்று. மாப்பிள்ளையின் பெரியப்பா தன்னுடையதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளி உறை நடுவில் சட்டென்று மடங்கி மேல்நோக்கித் திரும்புகிறது. உறையின் மேல்பகுதியில் வெள்ளி வளையங்கள், இடைவாரில் நெருக்கமான வெள்ளிச் சரிகை. கைப்பிடி பல பேர் பிடித்துப் பிடித்து வழுவழுப்பாகியிருந்தது. அவருடைய பாட்டனார் அணிந்ததாம். நான் பார்த்து முடித்ததும் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்ட பிறகுதான் மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்.

இந்த ஊர்க்காரர்களின் முன்னோரிடம்தான் 1820 நவம்பரில் ஓர் ஆங்கிலேய அதிகாரி வந்து, ஆயுதங்களை எல்லாம் ஒப்படையுங்கள் என்றார்.

அவர் பெயர் கேப்டன் பெரோனெட் தாம்சன். அவரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். இளம் வயதிலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் சியெரா லியோனின் ஆளுநராக இருந்தவர். விடுவிக்கப்பட்ட அடிமைகளைத் தொழில் பழக்குகிறோம் என்ற பெயரில் மறுபடி கட்டிப்போடும் வழக்கத்தை எதிர்த்து, அதனாலேயே பதவி போய்த் திருப்பி அழைக்கப்பட்டவர். பிறகு அரபு மொழி கற்றார். 1819 டிசம்பரில் ஆங்கிலேயப் படை வளைகுடாக் கரைத் துறைமுகமான ராஸ் அல் கைமாவைப் பிடித்தபோது அதில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1820 ஜனவரியில் கடற்கொள்ளையை நிறுத்த வளைகுடாக் கரையின் ஷேக்குகளோடு செய்துகொண்ட பொது உடன்படிக்கையை எழுதியதில் அவர் கை பெரிது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளைக் கவர்ந்து வருவதும் கடற்கொள்ளையே என்று அதன் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு வரியை ஓர் உடன்படிக்கையில் ஏற்றுவது சின்ன விஷயம் இல்லை, முத்து. கொடுங்கோலன் ஒருவன் கொடுமை செய்தான் என்றால் கதை சுலபமாக முடிந்துவிடும். இந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பனீ பூ அலிக் குலத்தார் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். அவர்கள் வளைகுடாவுக்கு வெளியே, அரபிக்கடலைப் பார்த்த கரையில் இருந்தவர்கள். அல் அஷ்கரா அவர்களுடைய துறைமுகம். அங்கிருந்து கிளம்பிய படகுகள் வணிகக் கப்பல்களைக் கொள்ளையடித்தன என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் அரசுக்குப் புகார் போனது. மஸ்கட்டை ஆண்ட சையிது சயீதுக்கும் இவர்களுக்கும் நெடுநாள் பகை. அவர் இஸ்லாத்தில் இபாழி என்னும் பிரிவைச் சேர்ந்தவர். இவர்களோ வஹாபி என்னும் இன்னொரு கண்டிப்பான வழிக்குப் போய், அவருக்குக் கட்டுப்பட மறுத்தவர்கள். தாம்சன் அப்போது வளைகுடாவில் உள்ள கிஷ்ம் தீவில் நிறுத்தப்பட்டிருந்த படைக்குப் பொறுப்பாளர், அரசியல் பிரதிநிதியும்கூட. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கப்பலில் அனுப்பினார். அதைக் கரைக்குக் கொண்டுபோன ஆளைக் கொன்றுவிட்டார்கள்.

இது பெரும் பாவம். தூது போனவனைக் கொல்வதை எந்த ஊர் நியாயமும் ஏற்காது, அரபு நியாயம் அறவே ஏற்காது. நான் இந்தக் குலத்தின் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றலாம். சாய்கிறேன்தான். ஆனாலும் இந்த இடத்தில் அவர்களுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

அதன்பின் தாம்சன் பம்பாய்ச் சிப்பாய்களில் ஆறு படைப்பிரிவுகளையும் பீரங்கிகளையும் ஏற்றிக்கொண்டு இதே சூரில் வந்து இறங்கினார். சையிது சயீதும் தன் படையோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பாலைவன ஓரமாக நடந்து, பனீ பூ ஹசன் ஊரில் முகாமிட்டார்கள். அங்கிருந்து ஆள் போய் ஆள் வந்து பேச்சு நடந்தது. குலத்தார் பணிந்துபோக இணங்கியே வந்தார்கள். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் பேச்சு முறிந்தது.

இந்த இடத்தில்தான் உன் அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது நியாயமான கோரிக்கை. கொள்ளையடித்தாய், தூதனைக் கொன்றாய், இனிமேல் செய்யாதபடி ஆயுதத்தைக் கொடு. ஆனால் கொடுக்கிறவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று பார். எதிரே இருப்பது அந்நியப் படை. அது இன்றைக்கு வரும், நாளைக்குக் கப்பலேறிப் போய்விடும். அதன் பக்கத்தில் நிற்கும் சையிது சயீது போகப் போவதில்லை. முகாம் போட்டிருக்கும் ஊர் அண்டைக் குலத்தின் ஊர், அவர்களும் போகப் போவதில்லை. தாம்சன் கப்பலேறிய மறுநாள் வெறுங்கையோடு ஒரு குலம் எப்படிப் பிழைக்கும்? பேரீச்சந்தோப்பை எப்படிக் காக்கும்? வாய்க்காலில் தன் முறைத் தண்ணீரை யாரிடம் போய்க் கேட்கும்? உயிர் பிழைக்க வழி வைக்காத நிபந்தனைக்குப் பேச்சுவார்த்தை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தாம்சனுக்கு அவர்கள் மொழி தெரியும். அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். என் கணிப்பில், அவர் செய்த பெரும் பிழை அவர்களுடைய பகையாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதுதான். அந்தக் கூட்டணி அமைந்த நிமிடமே கம்பெனியின் வழக்கு சையிது சயீதின் பழைய கணக்கோடு ஒன்றாகிவிட்டது. அடிமை வணிகத்தை எதிர்த்து வேலையை இழந்த அந்த மனிதர், ஒரு மன்னரின் குலப்பகைக்குத் தன் சிப்பாய்களைக் கடன் கொடுத்தார்.

நவம்பர் 9. படை ஊரை நோக்கி நகர்ந்தபோது, குலத்தார் அகன்ற நேர்வாள்களை உருவிக்கொண்டு வெட்டவெளியில் நேராக ஓடிவந்தார்கள். துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து தாக்கச் சிப்பாய்களுக்கு உத்தரவு. அவர்கள் முன்னேறவில்லை. ஒழுங்கில்லாமல் சுட்டார்கள், வரிசை குலைந்தது. சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆங்கிலேய அதிகாரிகளில் பெரும்பாலோரும் சிப்பாய்களில் 200-க்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். சையிது சயீது பீரங்கிப் படையாள் ஒருவனைக் காப்பாற்றப் போய்க் கையில் குண்டடி பட்டார். பகையாளி என்று எழுதினேன், ஆனால் கோழை என்று எழுத மாட்டேன்.

அந்தச் சிப்பாய்களை நினைத்துப் பார், முத்து. நம் நாட்டின் மேற்குக் கரை ஊர்களில் படைக்கு ஆள் எடுத்துக் கடல் தாண்டி அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களுக்கும் இந்தக் குலத்துக்கும் என்ன வழக்கு? ஏட்டில் ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் தனித்தனியே இருக்கின்றன. இவர்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். பம்பாயில் நடந்த இராணுவ நீதிமன்ற விசாரணையில் தாம்சனைப் படையெடுப்பில் அவசரப்பட்டதற்காகக் கண்டித்தார்கள். அவ்வளவுதான் தண்டனை. பின்னால் அவர் இங்கிலாந்தில் பெயர்பெற்ற சீர்திருத்தவாதியாகி, 1835-ல் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

தோல்வியைக் கம்பெனி அப்படியே விடவில்லை. 1821 தொடக்கத்தில் மேஜர் ஜெனரல் லயனல் ஸ்மித்தின் தலைமையில் பல மடங்கு பெரிய படை சூருக்கு வந்தது. பிப்ரவரியில் ஓர் இரவு குலத்தார் முகாமுக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். மார்ச் 2-ஆம் தேதி இறுதிப் போர். அன்றைக்கும் அவர்கள் வாளோடு வெளியே வந்து, பீரங்கிக்கு முன்னால் ஓடினார்கள். இந்தத் தடவை வரிசை குலையவில்லை. குலத்தின் போர்வீரர்களில் பெரும் பகுதி அங்கேயே விழுந்தது. கோட்டை தகர்க்கப்பட்டது, பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டன. ஷேக்கையும் மிஞ்சியவர்களையும் கைதிகளாகப் பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள்.

அப்போது பம்பாயின் ஆளுநர் எல்பின்ஸ்டன். சுமார் இரண்டு வருடம் கழித்து அந்தக் கைதிகள் விடுவிக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரை மறுபடி எழுப்பப் பணமும் தந்தார்கள். அதைக் கருணை என்பதா, குற்ற உணர்வு என்பதா, சையிது சயீது கைமீறிப் போகாமலிருக்கச் செய்த கணக்கு என்பதா? மூன்றும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். எது எப்படியோ, வெட்டிய பேரீச்சைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்கச் சில வருடமாவது ஆகும். அதுவரை அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்கு மிகவும் பிடிக்கும். 1835-ன் கடைசியில் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் வெல்ஸ்டெட் என்ற இளைஞர் ஓமானைச் சுற்றிப் பார்க்க வந்தார். சூரிலிருந்து நேராகப் பனீ பூ அலிக்குப் போனார். படை இல்லை, பீரங்கி இல்லை. நான் ஆங்கிலேயன், சில நாள் உங்களோடு தங்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் ஊரே ஆரவாரித்ததாம். இருந்த பழைய பீரங்கிகளை வெடித்தார்கள், அந்திசாயும் வரை துப்பாக்கிகளைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். கூடாரம் அடித்துக் கொடுத்து, ஆடறுத்து, குடம் குடமாகப் பால் கொண்டுவந்தார்கள். கூடாரம் அடித்த இடம் அந்தப் போர்க்களமே. எதிரே இடிந்த கோட்டை. தங்களை நம்பி ஒருவன் தனியாக நடுவில் வந்து நின்றான் என்ற ஒன்றுக்காக அவர்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

தூதனைக் கொன்றவர்களும் இவர்கள்தான், விருந்தாளிக்குப் பால் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான். இடையில் பதினைந்து வருடங்கள், ஒரு பேரழிவு. அதனால் அடங்கிப்போனார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அடங்கிப்போனவன் எழுந்து நின்று மரியாதை காட்டுவான், துப்பாக்கி வெடித்துக் கொண்டாட மாட்டான். அந்தத் துப்பாக்கிகளும் அவர்கள் கையில்தான் இருந்தன என்பதைக் கவனி. வெல்ஸ்டெட் அவற்றைக் கேட்கவில்லை. அவர் ஆளுகிற அதிகாரியாக வரவில்லை என்பது உண்மை, அவரையும் தாம்சனையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது. ஆனால் 1820-ல் ஒரே ஒரு நாள், சையிது சயீதைச் சூரிலேயே நிறுத்திவிட்டு, ஆயுதக் கோரிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, தாம்சன் தன் நல்ல அரபு மொழியோடு மட்டும் அந்த ஊருக்குப் போயிருந்தால்? வெட்டிக் கொன்றிருப்பார்களா, பால் கொடுத்திருப்பார்களா?

இதற்கு உன் பதில் வேண்டும். நிர்வாகம் கடைசி நிபந்தனை என்று ஒன்றைப் போட்டு எழுந்து போகப் பார்க்கும்போது நீ என்ன செய்வாய் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். நீ அந்தக் குலத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தால் எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றியிருப்பாய்? தாம்சன் பக்கம் உட்கார்ந்திருந்தால் எந்த நிபந்தனையை முதலில் கைவிட்டிருப்பாய்? பேத்தியிடமும் இந்தக் கதையைச் சொல்லி, அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. ஒப்பந்த விஷயம் முடிவானதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்