'கறள் பிடிக்காது' என்று விற்ற உடுப்புக் கொடி ஏழு மாதத்தில் கறள் பிடித்தது தொடர்பாக

வாடிக்கையாளர் பிரிவுக்கு,

வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். போன ஜூன் மாதம் உங்களிடம் வளவில் நாட்டுகிற உடுப்புக் கொடி செட் ஒன்று வாங்கினேன். இரண்டு இரும்புத் தூண், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நாலு வரி, இறுக்குகிற கொளுக்கிகள். விலை 18,500 ரூபாய், கொண்டுவந்து தர இன்னும் 1,200. பெட்டியில் கொட்டை எழுத்தில் 'கறள் பிடிக்காது, 2 வருட உத்தரவாதம்' என்று இருந்தது.

முதல் சில மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கச்சான் காற்று வீசுகிற காலம், காலையில் போட்ட ஜீன்ஸ் தேத்தண்ணி குடித்து முடிக்க முதல் காய்ந்துவிடும். வாடை தொடங்கி கடல் கொந்தளிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதலில் கொளுக்கிகள் சிவந்தன, பிறகு தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை வெடித்தது, ஜனவரியில் மகளின் வெள்ளைப் பாடசாலைச் சட்டை இரண்டில் குறுக்காக மண்ணிறக் கோடு.

கம்பியை வெட்டிப் பார்த்தேன். உள்ளே நாகம் பூசிய கல்வனைஸ் கம்பிதான், ஆனால் வெட்டிய நுனிகளுக்கு மூடி எதுவும் இல்லை. அந்த வழியாக உப்பு ஈரம் உறைக்குள் போய் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கம்பியைத் தின்றிருக்கிறது. வெளியே பார்த்தால் பச்சைப் பசேல் என்று புதிசு மாதிரி.

இனி உங்கள் ஆட்களின் பதில். முதல் தடவை தொலைபேசியை எடுத்தவர் கறைக்கு குளோரின் போட்டுத் தோய்க்கச் சொன்னார். கறள் கறைக்கு குளோரின் போட்டால் அது இன்னும் மோசமாகும், இது கூடவா தெரியாது? ஒரு சட்டை அப்படித்தான் போனது. மற்றதை அம்மா தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து ஓரளவு காப்பாற்றினார். இரண்டாவது தடவை பேசியவர், கடலோரப் பாவனைக்கு உத்தரவாதம் இல்லை என்றார். அந்த நிபந்தனை பெட்டியிலும் இல்லை, பற்றுச்சீட்டிலும் இல்லை. உப்புவெளி என்று விலாசம் எழுதித்தானே அனுப்பினீர்கள்? ஊரின் பேரிலேயே உப்பு இருக்கிறது.

மூன்றாவதாகப் பேசியவர், நான் அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் உறை வெடித்ததாம் என்றார். உங்கள் கையேட்டில் 'சிறிதும் தொய்யாதபடி இறுக்கவும்' என்று போட்டிருக்கிறீர்களே! உயர்தரத்தில் கணிதம் படிக்கிற மகன் கணக்குப் போட்டுக் காட்டினான்: தூண்களுக்கு நடுவே 8 மீற்றர், ஒரு வரியில் 16 கிலோ ஈர உடுப்பு பரவலாகத் தொங்குகிறது, நடுவில் 10 சென்ரிமீற்றர் மட்டும் தொய்யலாம் என்றால் அந்த ஒரு வரியே தூணை ஏறத்தாழ 160 கிலோ பாரத்தோடு இழுக்கும். 20 சென்ரிமீற்றர் தொய்ய விட்டால் பாதி போதும். அப்படி இழுபடுகிற தூணுக்கு ஒரு அடிக் குழி காணும் என்றும் அதே கையேடுதான் சொல்கிறது. எங்கள் மணலில் ஒரு அடியா? மேசன் சிரித்துவிட்டு இரண்டரை அடி தோண்டி கொங்கிறீற் போட்டார், அதனால்தான் தூணாவது சாயாமல் நிற்கிறது. அந்தச் செலவை நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணை கடல் தொழிலுக்குப் போகிறவர். பெட்டி வந்த அன்றே, "தங்கச்சி, இந்தக் காத்துக்கு இரும்பு நிக்காது, நைலோன் கயிறு கட்டு" என்றார். நான்தான் பெட்டியில் இருந்த எழுத்தை நம்பினேன்.

எனக்கு வேண்டியது இதுதான். முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் கம்பியையும் கொளுக்கிகளையும் கடல் உப்பை நன்றாகத் தாங்குகிற 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் மாற்றித் தாருங்கள். அதே பச்சைக் கம்பியை இன்னொரு சுருள் அனுப்ப வேண்டாம், எடுக்க மாட்டேன். பழுதான சட்டையின் விலையும் சேரும். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறைப்பாடு போகும், அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறேன்.

பற்றுச்சீட்டும் படங்களும் இணைத்திருக்கிறேன். வெட்டிய கம்பியை எறியவில்லை. யாராவது வந்து பார்ப்பதென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உப்புவெளி வாடிக்கையாளர்