2024-25 ஆண்டறிக்கை: பேட்ஜை திருப்பி பாருங்க

நம்ம மும்பை சேகரிப்பாளர் சங்கத்தோட தலைவர், பொருளாளர், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட்ல இருந்து வந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு பொருளாளர் சார் தனியா வாசிப்பார், சந்தா பாக்கி இருக்கறவங்க இன்னிக்கே கட்டிடுங்க. ஸ்டாம்ப், நாணயம் ரெண்டு பிரிவும் வழக்கம் போல நடந்துது.

இந்த வருஷம் பெருசா வளர்ந்தது சட்டைல ஊசியால குத்திக்கற பழைய பேட்ஜ் பிரிவு தான். சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல படம் பாத்து பேட்ஜ் வாங்கறவங்க நிறைய பேர், ஆனா அதோட ஜாதகம் பின்பக்கத்துல தான் இருக்கு.

செம்பூர் உறுப்பினர் ஒருத்தரோட பையன் அமெரிக்காவுல நியூ ஜெர்சில இருந்து கொண்டு வந்த பட்டன, அதாவது வட்டமான தேர்தல் பேட்ஜை, கூட்டத்துல லென்ஸ் வெச்சு பாத்தோம். முன்னாடி பிரையன் படம், 1896 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல மெக்கின்லிகிட்ட தோத்தவர், தங்கத்தோட வெள்ளியையும், 16 பங்கு வெள்ளி 1 பங்கு தங்கத்துக்கு சமம்னு வெச்சு, நாணயமா அடிக்கணும்னு கேட்டவர். பின்னாடி வளையத்துக்குள்ள ஒரு குட்டி பேப்பர், அதுல நெவார்க் ஊர் வைட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி பேரும் 1896 ஜூலை 21னு பேடண்ட் தேதியும் பொடி எழுத்துல இருக்கு. 1789ல வாஷிங்டன் பதவி ஏத்தப்ப கோட்டுல தைக்கற பித்தளை பட்டன் தான் இருந்துது, இந்த கம்பெனிக்காரங்க படம் அச்சடிச்ச பேப்பர் மேல மெல்லிசா செல்லுலாய்டு, அதாவது கண்ணாடி மாதிரி தெரியற பழைய வகை பிளாஸ்டிக், போத்தி தகரத்தோட சேத்து மடிச்சு வளையத்தால இறுக்கி ஊசிக்கம்பி சொருகிட்டாங்க, செலவு ரொம்ப கம்மி, அதனால அந்த தேர்தல்லயே ஊரெல்லாம் பட்டன் தான். ஆனா பேப்பர்ல 1896னு இருந்தா அந்த வருஷமே செஞ்சதுனு அர்த்தம் இல்லீங்க, அதே தேதிய பல வருஷம் போட்டிருக்காங்க. கடைக்காரர் அத காட்டி விலை ஏத்தினா படத்துல இருக்கற ஆள், தேர்தல் எதுன்னு பாருங்க. செல்லுலாய்டே இல்லாம தகரத்துலயே நேரா அச்சடிச்சிருந்தா அது இன்னும் பிந்தின சரக்கு.

தாராவி உறுப்பினர்கள் வீட்டு டிரங்கு பெட்டில இருந்து எடுத்துட்டு வந்த நம்மூர் கட்சி பேட்ஜ் எனக்கு இதவிட பொக்கிஷம். அங்க சின்னம் தான் காலண்டர். காங்கிரஸ்ல நுகத்தடி பூட்டின இரட்டைக் காளைன்னா 1969 பிளவுக்கு முன்னாடி, பசுவும் கன்னும்னா 1971ல இருந்து 1977 தேர்தல் வரைக்கும், கைன்னா 1978க்கு அப்புறம். எம்.ஜி.ஆர் கட்சிக்கு இரட்டை இலை வந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல்ல, அதனால அதுக்கு முந்தினதுன்னு யாராவது வித்தா நம்பாதீங்க. உதயசூரியன் மட்டும் மாறவே இல்ல, அதுல சின்னத்த வெச்சு வருஷம் சொல்ல முடியாது.

மழைக்காலம் வருது, ஒரு வேண்டுகோள். செல்லுலாய்டு பேட்ஜை தண்ணி தொட்டு துடைக்காதீங்க, ஓரம் வழியா ஈரம் உள்ள போனா பேப்பர்ல பழுப்பு கறை விழும், தகரம் துரு பிடிக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது. காத்து போகாத பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பின்பக்க பேப்பர தயவுசெஞ்சு பிரிக்காதீங்க.

வர்ற வருஷம் எல்லார்கிட்ட இருக்கற பேட்ஜையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, யார் வீட்ல இருந்து வந்துதுங்கற விவரத்தோட ஆல்பம் போட செயற்குழு முடிவு பண்ணியிருக்கு. பெரியவங்க இருக்கறப்பவே கேட்டு எழுதிடணும். அடுத்த கூட்டத்துக்கு பேட்ஜை பஞ்சு வெச்ச டப்பால எடுத்துட்டு வாங்க.

செயலாளர்