தம்பி இப்போது கையெழுத்துப் போட வேண்டாம்

கிளெர்மோன்-ஃபெரான் பக்கம், பிரான்ஸ்
15 பிப்ரவரி 2012

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கையெழுத்து அக்காவுடையது, பேசுவது முழுக்க நீங்கள். அப்பாவின் முழங்காலைப் பற்றி ஒரு பக்கம், தம்பி ரக்பி ஆட ஆக்லாந்துப் பள்ளிக்குப் போவதையும், ஏஜென்ட் கொண்டுவந்த ஒப்பந்தக் காகிதத்தையும் பற்றி ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அத்தை கோபித்துக்கொள்வார்.

நன்றாக இருக்கிறேன். குளிர்தான். ஆக்லாந்தில் பட்டதெல்லாம் குளிரே இல்லை அம்மா. இந்த மாதம் ஐரோப்பா முழுக்க உறைந்து கிடக்கிறது. எங்கள் மைதானத்தில் பூட்ஸ் ஆணி இறங்கவில்லை; ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன. எங்களைப் போன்ற சின்ன கிளப்பை விடுங்கள், போன சனிக்கிழமை பாரிஸில் பிரான்சும் அயர்லாந்தும் மோத வேண்டிய சிக்ஸ் நேஷன்ஸ் ஆட்டத்தையே, ஜனங்கள் வந்து உட்கார்ந்த பிறகு, தரை உறைந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். மாடு வளர்த்தவர், இப்போது தனியாக இருக்கிறார். நான் அரைக்கால் சட்டையோடு குப்பை கொட்டப் போனதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய், மறுநாள் கம்பளிக் கழுத்துத்துணி ஒன்றை என் கதவில் மாட்டியிருந்தார். போன அக்டோபர் 1ஆம் தேதி வெலிங்டனில், ரக்பி உலகக் கோப்பையில், நம் டோங்கா பிரான்சை 19-14 என்று ஜெயித்ததே, இங்கே அப்போது காலை ஏழு மணிதான். தெருமுனை பாரில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். நம் கேப்டன் ஃபினாவ் மாகாவை இங்கே தெரியாதவர் இல்லை, இங்குள்ள துலூஸ் கிளப்பில் அத்தனை வருஷம் ஆடியவர் அல்லவா? ஆட்டத்துக்கு முன் அவர் முன்னால் நின்று நம் போர் நடனம் சிபி தௌ ஆடியபோதே பார் அமைதியாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பெரியவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். நான் அங்கே இல்லை, இங்கே உட்கார்ந்திருந்தவன். ஆனாலும் கை கொடுத்தார். கனடாவிடம் மட்டும் தோற்காமல் இருந்திருந்தால் காலிறுதிக்கே போயிருப்போம். அது இன்னும் ஆறவில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உருளைக்கிழங்கைப் பிசைந்து, சீஸைப் போட்டு நூல் நூலாக இழுத்துத் தருவார்கள், அலிகோ என்று பெயர். ருசிதான், ஆனால் சேம்பு இலை இங்கே எங்கே கிடைக்கும்? கீரையில் டின் மாட்டிறைச்சியை வைத்து, டப்பாத் தேங்காய்ப்பால் ஊற்றி நம் ஊர் லூ செய்து பார்த்தேன். எங்கள் அணியின் ஃபிஜிப் பையன் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு இறங்கவில்லை.

எங்கள் டிவிஷனில் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓய்வுநாளில் ஆடுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பஸ் ஏறுவதற்கு முன் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பாட்டாவது முணுமுணுத்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால் தனியாகப் பாடினால் அது பாட்டாக இல்லை அம்மா. கோயிலில் அப்பாவின் அடிக்குரல் பின்வரிசையிலிருந்து வரும், நீங்கள் அதற்கு மேலே எடுப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் உமு என்கிற குழியடுப்பைத் திறக்கிற வாசனை. கொலோவாய் ஊர் மரங்களில் வௌவால்கள் கத்துகிற சத்தத்தைக்கூட இப்போது கேட்டால் போதும் என்று இருக்கிறது. சரி, இதை அக்கா உங்களுக்கு வாசிக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிடட்டும்.

இந்த மாதம் அனுப்பிய பணம் குறைவு. வங்கிக் கணக்கு மாற்றுவதில் கொஞ்சம் தாமதம், வேறு ஒன்றுமில்லை. பெரியவருக்கும் அவர் தங்கைக்கும் விறகு பிளந்து கொடுக்கிறேன், உடம்புக்கும் நல்லது. கோயிலின் வருடக் காணிக்கை நாளான மிசினாலேவுக்குள் நம் வீட்டுப் பங்கு வந்துவிடும். போதகரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இப்போது தம்பி விஷயம். ஆக்லாந்துப் பள்ளி அவனுக்கு இடமும் சாப்பாடும் படிப்பும் தருகிறது என்றால், போகட்டும். இப்போது படிக்கிற தொலோவாப் பள்ளியில் அவன் ஆடுவதைப் பார்த்துத்தானே கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த ஏஜென்ட் கொண்டுவந்த காகிதம் வேறு. பள்ளி உதவித்தொகைக்கு ஏஜென்ட் எதற்கு? எத்தனை வருஷம் கட்டுப்பட வேண்டும், சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், காலில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள், இந்த மூன்றும் அதில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பதினாறு வயசுப் பையனிடம் பேனாவை நீட்டுகிறவரை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. இந்த 2012ஆம் வருஷ விதிப்படி, ஒரு நாட்டின் மூத்த அணிக்கு ஒரு டெஸ்ட், அதாவது நாட்டோடு நாடு மோதும் ஆட்டம், ஆடிவிட்டால், மற்ற நாட்டுக்கு ஆட முடியாது. மாகா வீட்டையே பாருங்கள். அண்ணன் இசிதோலோ 1998இல் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டை போட்டார், தம்பி ஃபினாவ் நம் சிவப்புச் சட்டை. போன உலகக் கோப்பையில் அண்ணன் நமக்குக் கோச், தம்பி கேப்டன். இரண்டுமே மரியாதைதான், கறுப்புச் சட்டையை நான் குறை சொல்லவில்லை. எதைப் போடுவது என்று அவன் வளர்ந்து, தெரிந்து முடிவு செய்யட்டும். ஒரு ஏஜென்ட் இப்போதே முடிவு செய்யக் கூடாது.

எனக்கும் ஜூனில் பசிபிக் நேஷன்ஸ் கோப்பைக்கு அழைப்பு வரலாம் என்கிறார்கள். தேசிய அணி கூப்பிட்டால் கிளப் விட்டுத்தான் ஆக வேண்டும், அது விதி. ஆனால் புது ஒப்பந்தம் பேச உட்கார்ந்தால், "ஜூனில் இங்கேதானே இருப்பாய்?" என்று கேட்கிறார்கள். கூப்பிட்டால் போவேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி விஷயத்தை அத்தையிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், போனில் சொன்னால் மனசு வருத்தப்படுவார். அவர் சரி என்ற பிறகுதான் பள்ளிக்குப் பதில். அக்கா கல்யாணத்துக்குப் பாய்கள் எத்தனை முடிந்தன என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய பன்றியை அதற்கே வைத்திருங்கள், மிசினாலே வருகிறது என்று விற்றுவிட வேண்டாம். சமையலறைக் கூரைத் தகடு அடுத்த புயலுக்குத் தாங்காது, சித்தப்பாவை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தம்பியிடம் சனிக்கிழமை பேசுகிறேன். உங்களுக்கு இரவு எட்டு மணி, எனக்குக் காலை எட்டு. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரட்டும், ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டட்டும். அதுவரை அது அப்பாவின் பெட்டியில் பூட்டியே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்